வாசிக்க ஒன்று, எழுத ஒன்று

எங்கள் ஊரில் நான் யாருக்காவது சுகம் விசாரித்தால் அவர்களுக்கு முகம் கறுத்துவிடும். கோப்பாய்ச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்கும்போது, "ஐயாவுக்கு இப்ப எப்பிடி, இருமல் குறைஞ்சுதோ?" என்று சாதாரணமாகத்தான் கேட்பேன். கேட்கப்பட்டவர் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, "அவருக்கு ஒண்டும் இல்லை, அவர் நல்லா இருக்கிறார்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஒருமுறை அயல்வீட்டுப் பெரியவர் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனேன். என்னைக் கண்டதும் எழும்பி இருந்து, "எனக்கு இப்ப நல்ல சுகம், நீ போட்டு வா பிள்ளை" என்றார். அவருடைய மகள் பிறகு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து மன்னிப்புக் கேட்டாள்.

காரணம், நான் கல்வெட்டு எழுதுகிறவள். இங்கே கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவது அல்ல. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிச் சடங்கு முடிந்து சாப்பிட வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சின்னப் புத்தகம். முன்பக்கத்தில் படம், உள்ளே தேவாரம், பிறகு இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, அதற்குப் பிறகு பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல். எல்லாருக்காகவும் நான்தான் புலம்புவேன். அரசாங்கக் கந்தோரில் தமிழ்த் தட்டெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான்; இது ஓய்வுக்கு முதலே வந்து ஒட்டிக்கொண்ட வேலை. வெண்பா எழுத எனக்கும் அண்ணைக்கும் பள்ளிக்கூட நாளிலிருந்தே வரும். அண்ணை அதை விட்டுவிட்டுக் கனடாவுக்குப் போனார். நான் கலியாணம் கட்டாமல் அம்மாவோடு இங்கேயே இருந்துவிட்டேன், வெண்பாவும் என்னோடு இருந்துவிட்டது.

போன வருடம் சித்திரை வருடப் பிறப்பு முடிந்த கையோடு அண்ணை தொலைபேசியில் கதைத்தார். கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் போய்விட்டது என்று, பஸ் பிந்திவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னார். நான் வாயைத் திறக்க முன்னரே அடுத்ததையும் சொன்னார்.

"பிள்ளை, என்ரை கல்வெட்டை நீ இப்பவே எழுத வேணும். நான் அதை வாசிக்க வேணும்."

"உங்களுக்கென்ன விசரோ?" என்றேன்.

"ஊர்ச் சனத்துக்கெல்லாம் எழுதுறாய். அதிலை ஒருத்தராவது தங்கடை கல்வெட்டை வாசிச்சவையோ? எனக்கு வாசிக்க வேணும் போலக் கிடக்கு. நீ தாளிலை எழுதினால் எனக்கு நேரத்துக்கு வந்து சேராது. நான் உனக்கு ஒரு மெசின் வாங்கி அனுப்புறன். டப்லெட்டோ, லப்டொப்போ, எது வேணும் எண்டு சொல்லு."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அண்ணை சாகப் போகிறார் என்பதை மனது அப்படியே ஒரு பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டு, அதை நான் எழுதக் கூடாது என்ற பயத்தை மட்டும் பிடித்துக்கொண்டது.

அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் உடுவிலில் ஒரு குடும்பத்தார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். தகப்பன் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டிலிருந்து லீவு எடுத்து வந்து நின்றார்கள். லீவு முடிவதற்குள் எல்லாம் நடந்துவிட்டால் கல்வெட்டும் தயாராக இருக்க வேண்டும் என்றார்கள். விமான டிக்கெட்டைப் பார்த்துக் கல்வெட்டு எழுதச் சொன்ன ஆட்களை நான் அதற்கு முதல் கண்டதில்லை. மறுத்திருக்கலாம். அவர்களும் பாவம் என்று எழுதினேன். கடைசிப் புலம்பலுக்குக் கடைசிப் புள்ளி வைத்துவிட்டுப் பேனையை மூடுகிறேன், தொலைபேசி அடிக்கிறது. மனிதர் போய்விட்டார். எழுதியதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "நல்ல நேரத்துக்கு முடிச்சுத் தந்தியள், அக்கா" என்று மூத்த மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அந்தக் கையை வீட்டுக்கு வந்து சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். அதற்குப் பிறகு மூச்சு நிற்காத ஒருவருக்கும் நான் ஒரு வரி எழுதியதில்லை. இது மூடநம்பிக்கை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் எழுதவும் மாட்டேன்.

ஆகவே எந்த மெசின் என்ற கேள்வி மெசினைப் பற்றியதாக இருக்கவில்லை. டப்லெட் வாசிக்கிறவர்களுக்கு, லப்டொப் எழுதுகிறவர்களுக்கு என்று அண்ணையே விளங்கப்படுத்தியிருந்தார். நான் எதைக் கேட்கிறேனோ அதுதான் என் பதில். பதில் சொல்லாமல் விட்டால் நாட்கள் போகும், நாட்கள் போனால் அண்ணையும் இருப்பார் என்று ஒரு கணக்கை எனக்குள் போட்டுக்கொண்டேன். ஞாயிறு ஞாயிறு காலையில் அவர் வீடியோவில் வருவார். அங்கே அது சனி இரவு. "முடிவெடுத்திட்டியோ?" என்பார். "விலை பாக்கிறன்" என்பேன். "விலை பாக்கிறது நான், நீ ஏன் பாக்கிறாய்?" என்பார்.

கடைசியில் சாட்டுச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய், பஸ் ஏறி யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போனேன். கடையில் நின்ற பொடியன் மரியாதையானவன். குளிர் அறையில் கதிரை போட்டு இருத்திவிட்டு, "என்ன பாவனைக்கு, அன்ரி?" என்று கேட்டான்.

"செத்தவையைப் பற்றி எழுத" என்றேன்.

அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு தன் தொழிலைக் கைவிடாமல், "அப்ப நிறைய எழுத வரும். லப்டொப்தான் நல்லம் அன்ரி" என்றான்.

இரண்டையும் என் முன்னால் வைத்தான். டப்லெட் என்பது கையில் எடுத்தால் ஒரு கொப்பியின் பாரம்கூட இல்லாத கண்ணாடிப் பலகை. இரண்டு விரலை வைத்து விரித்தால் எழுத்து ஊதிப் பெருக்கிறது. கண்ணில் வெண்புரை வளரத் தொடங்கியிருந்த எனக்கு அது பெரிய உதவி. படுத்திருந்து நெஞ்சில் வைத்தும் வாசிக்கலாம். ஆனால் எழுதப் பார்த்தபோது விசைப்பலகை கீழேயிருந்து எழும்பி வந்து திரையில் பாதியை மூடிக்கொண்டது. நாலடி வெண்பாவில் மேல் இரண்டடி திரைக்கு மேலே தள்ளுப்பட்டு ஒளித்துக்கொண்டுவிட்டன. மேலடியைப் பார்க்காமல் கீழடிக்கு எதுகையை எங்கே தேடுவது? கண்ணாடியில் அடித்தால் விரலுக்கு ஒன்றும் தெரியவும் இல்லை. இரும்பு விசையை அடித்தே பழகிய விரல்கள் என்னுடையவை.

லப்டொப் பாரம். மடியில் வைத்தால் தொடை கொதிக்கிறது. வாசிப்பதற்கென்றால் அதைத் தூக்கிக்கொண்டு படுக்க முடியாது. ஆனால் அந்தப் பொடியன் பழைய தட்டெழுத்து ஒழுங்கை அதில் போட்டுத் தந்ததும், நான் பார்க்காமலே என் விரல் வைத்த இடத்தில் எழுத்து இருந்தது. அண்ணையின் பெயரை அடித்தேன். ஏன் அதை அடித்தேன் என்று தெரியவில்லை. அடித்த வேகத்திலேயே அழித்துவிட்டு எழும்பினேன்.

அந்த ஞாயிறு அண்ணையிடம், "எனக்கு டப்லெட் காணும், லப்டொப் தேவையில்லை" என்றேன்.

"வாசிக்கத்தானோ?"

"ஓம். கண் மங்கிப் போச்சு. எழுத்தைப் பெருப்பிச்சு வாசிக்கலாம்."

"நல்லது" என்றார். அவர் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், பயம்தான் வந்தது.

நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவர்களில் கனடாவில் அண்ணையின் அயலில் இருக்கும் ஒரு பெண்ணும் இருந்தாள். பார்சலை அவளிடம்தான் கொடுத்துவிட்டிருந்தார். தேத்தண்ணி குடித்துக்கொண்டே அவள், "நீங்கள் அண்ணையைக் கடைசியாப் பாத்தது எப்ப?" என்று கேட்டாள்.

"ஞாயிறுக்கு ஞாயிறு வீடியோவிலை பாக்கிறன்" என்றேன்.

"முகத்தை மட்டும்தானே காட்டுவார்" என்றாள். பிறகு தான் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேனோ என்று பயந்தவளாக, தேத்தண்ணி நல்லாயிருக்கிறது என்றாள்.

அவள் போன பிறகு எண்ணிப் பார்த்தேன். உண்மைதான். பல கிழமைகளாக அண்ணையின் கழுத்துக்குக் கீழே நான் எதையும் காணவில்லை. போர்வையை நாடிவரை இழுத்து விட்டுக்கொண்டு, கனடாவில் குளிர் என்று சொல்லியிருந்தார். அது கோடை காலம்.

பார்சலைப் பிரித்தால் உள்ளே லப்டொப். கோபம் வந்தது. புதுச் சாமான் எது வந்தாலும் சாமியறையில் வைத்துச் சந்தனப் பொட்டு வைத்துத்தான் எங்கள் வீட்டில் பாவிப்போம்; அம்மா இருந்த காலத்தில் தையல் மெசின், குளிர்சாதனப் பெட்டி எல்லாம் பொட்டோடுதான் நின்றன. இதைச் சாமியறையில் வைத்தேன், பொட்டு வைக்கவில்லை. பொட்டு வைத்தால் ஏற்றுக்கொண்டதாகிவிடும். பெட்டிக்குள்ளேயே அது கிடக்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டேன். விளக்கு வைக்கப் போகும்போதெல்லாம் சாமியைப் பார்க்காமல் பெட்டியைத்தான் பார்த்தேன். யாரோ வெளிக்கிட்டுப் போகப் பெட்டி கட்டி வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணம்தான் வந்தது. தாங்க முடியாமல் ஒரு காலை எடுத்துத் திறந்தேன். கந்தோரில் கடைசி வருடங்களில் கணினியில் வேலை செய்தவள்; இணையத்தைப் பொருத்த எனக்கு ஒருவரும் தேவைப்படவில்லை.

திரையில் ஒரே ஒரு பக்கம் திறந்து தயாராக இருந்தது. மேலே அவருடைய பெயர். இடது பக்கம் "தோற்றம்" என்று போட்டுப் பிறந்த திகதி. வலது பக்கம் "மறைவு" என்று போட்டு அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அதற்கும் கீழே எனக்கு ஒரு குறிப்பு: "டப்லெட்டை நான் வைச்சிருக்கிறன். நீ எழுது, நான் வாசிக்கிறன்."

பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு வந்து நின்றது. கோட்டின் தலையில் அண்ணையின் பெயர். அவர் அங்கே டப்லெட்டில் அதே பக்கத்தைத் திறந்திருக்கிறார் என்று அர்த்தம். நான் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் அவர் அங்கே காண்பார். கோடு கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டிருந்தது. பிறகு, "வந்திட்டியோ" என்று எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. "ஓம்" என்று அடித்தேன். அப்படித்தான் நான் எழுதத் தொடங்கினேன்.

முதல் கிழமைகள் மோசமாக இருக்கவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நான் வழக்கம்போல "கல்வியிற் சிறந்து, கண்ணியம் காத்து" என்று தொடங்கினேன். பச்சைக் கோடு வந்து அதை அழித்துவிட்டு, "கணக்குப் பாடத்தில் இரண்டு தரம் தவறி" என்று போட்டது. "உன்ரை கல்வெட்டிலை கோப்பாயிலை செத்த எல்லாரும் தங்கமான மனிசர். களவெடுத்தவன், குடிச்சவன் ஒருத்தரும் சாகேல்லையோ?" என்று ஞாயிறு வீடியோவில் கேட்டார். சிரித்தோம். சிரித்து முடித்து அவர் இருமும்போது அவருடைய மனைவி, என் மச்சாளின் கை வந்து திரையை மறைக்கும்.

பிறகு அவர், தான் எதற்காக இதைக் கேட்டார் என்பதைச் சொன்னார்.

அம்மா இறந்தபோது அண்ணை வரவில்லை. விசாப் பிரச்சினை என்று ஊருக்குச் சொன்னோம். பெரியப்பாவின் மகன்தான் அம்மாவுக்குக் கொள்ளி வைத்தார். அம்மாவின் கல்வெட்டில் "மகன் புலம்பல்" என்று தலைப்புப் போட்டு நான் அண்ணைக்காக எழுதினேன். ஊரில் பலர் அதை வாசித்துக் கண்ணீர் விட்டார்கள்.

"விசா இருந்தது, பிள்ளை" என்றார் அண்ணை. "டிக்கெட்டும் எடுத்தனான். எயார்போட்டுக்குப் போற வழியிலை காரைத் திருப்பச் சொன்னன். அம்மாவை அப்பிடிப் பாக்க எனக்குப் பயம். நான் புலம்பினதா நீ எழுதினாய். நான் புலம்பேல்லை. வீட்டை வந்து படுத்துக் கிடந்தனான். அதை எழுது. ஊர்ச் சனம் வாசிக்க வேணும். அதுக்கு முதல் நான் வாசிக்க வேணும்."

"கல்வெட்டிலை உதெல்லாம் ஆரும் எழுதுறேல்லை, அண்ணை."

"அதுதான் உன்னை எழுதச் சொல்லுறன்."

நான் அம்மாவோடு கடைசி வரை இருந்தவள். அவர் வராததில் எனக்கு இவ்வளவு காலமும் மனத்தாங்கல் இருந்தது. விசா என்ற சொல்லை வைத்து அதை மூடி வைத்திருந்தேன். இப்போது மூடியை அவரே எடுத்துவிட்டார். ஆனால் எனக்கு அவரில் கோபம் வரவில்லை. அந்தப் பந்தியை எழுதினால் கல்வெட்டு முடிந்துவிடும் என்பதுதான் முதலில் தோன்றியது.

அதனால் நான் செய்தது இதுதான். மற்றதெல்லாம் எழுதினேன். பிள்ளைகள் புலம்பல் எழுதினேன், மச்சாளின் புலம்பல் எழுதினேன், ஒரு தேவையும் இல்லாமல் அவர் படித்த பள்ளிக்கூடத்தின் வரலாற்றைக்கூட எழுதினேன். அந்தப் பந்திக்கு மட்டும் இடம் விட்டு வைத்தேன். முடியாத கல்வெட்டை வைத்துக்கொண்டு யாரும் சாக முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "நீ இழுத்தடிக்கிறாய்" என்று பச்சைக் கோடு எழுதியது. "சொல்லு வருகுதில்லை" என்று பதில் போட்டேன். எனக்கா சொல் வராது?

என் மத்தியானம் அவருடைய சாமம். மத்தியானச் சமையல் முடித்துவிட்டு வந்து பார்த்தாலும் பச்சைக் கோடு நிற்கும், அந்த வெறும் இடத்தில். எழுதாது, நகராது. அவர் நித்திரை கொள்வதில்லையா என்று யோசிப்பேன். ஒருநாள் "படுங்கோ அண்ணை" என்று அடித்தேன். கோடு அசையவில்லை. பயந்துபோய் மூடியைச் சாத்திவிட்டேன். பின்னேரம் திரும்பவும் திறந்தபோது அது அதே இடத்தில்தான் நின்றது.

ஐப்பசி மழை தொடங்கியிருந்த ஒரு காலை மச்சாள் கூப்பிட்டாள். வீடியோ இல்லாமல், குரல் மட்டும். மச்சாள் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. இவ்வளவு வருடத்தில் தானாக என்னை அழைத்தது மிகக் குறைவு.

"மச்சாள், நான் உங்களிட்டை ஒண்டும் கேட்டதில்லை" என்றாள். "அதை முடிச்சுக் குடுங்கோ."

"சொல்லு வருகுதில்லை மச்சாள்" என்று அவளிடமும் அதையே சொன்னேன்.

"நோவுக்கு ஊசி போடலாம் எண்டு டொக்டர் சொல்லிக் கன நாள். போட்டால் நித்திரையாப் போயிடுவார், பேந்து வாசிக்க ஏலாது. அதாலை வேண்டாம் எண்டுறார். அந்த டப்லெட்டை நெஞ்சிலை வைச்சுக்கொண்டு இரவிரவாக் கிடந்து முனகுறார். நீங்கள் எழுதுவியள் எண்டு பாத்துக்கொண்டு கிடக்கிறார்."

நான் அவரை இருத்தி வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன். உண்மையில் இருத்தித்தான் வைத்திருந்தேன். எதில் இருத்தி வைத்திருக்கிறேன் என்று கேட்கத்தான் எனக்குப் புத்தி வரவில்லை. அந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு அவர் நோவோடு கிடந்த ஒவ்வொரு இரவும் நான் கொடுத்தது.

"டப்லெட்டைத் திறந்து அவரிட்டைக் குடுங்கோ" என்றேன். "வைக்காதேங்கோ, லைனிலை நில்லுங்கோ."

பச்சைக் கோடு வந்தது. நான் அடித்தேன். வெண்பா இல்லை, எதுகை இல்லை, வெறும் வசனம். தாயாரின் இறுதிக் கிரியைக்கு இவர் வரவில்லை. வர முடிந்தும் வரவில்லை. பயணச் சீட்டு எடுத்து, விமான நிலையத்துக்குப் போகும் வழியில் திரும்பிப் போனார். தாயாரை அந்தக் கோலத்தில் பார்க்கப் பயந்தார். மகன் வைக்க வேண்டிய கொள்ளியை இன்னொருவர் வைத்தார். மகன் புலம்பல் என்று அன்று அச்சிட்டதை எழுதியவள் தங்கை. அந்தத் துயரம் கடைசி வரை இவரை விட்டுப் போகவில்லை.

கை நின்றது. தொலைபேசியில் மூச்சு மட்டும் கேட்டது, மச்சாளுடையது அல்ல.

"வாசியன், பிள்ளை" என்றது அண்ணையின் குரல். "எழுத்துக் கலங்குது."

சத்தமாக வாசித்தேன். வெளியே மழை இரைந்தபடியால் இன்னும் சத்தமாக வாசிக்க வேண்டியிருந்தது. முடித்ததும் "துயரம் இல்லை" என்றார். "வெட்கம் எண்டு போடு."

துயரத்தை அழித்தேன். வெட்கம் என்று அடித்தேன். அந்த வசனத்தைத் திரும்பவும் வாசித்துக் காட்டினேன்.

"இப்ப சரி. முடிஞ்சுதோ?"

இல்லை என்று சொல்ல எனக்கு எத்தனையோ வழி இருந்தது. இன்னும் ஒருதரம் பிழை திருத்த வேண்டும் என்று சொல்லியிருக்கலாம், தலைப்புச் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம்.

"ஓம் அண்ணை" என்றேன். "முடிஞ்சுது."

அவர் தொலைபேசியிலிருந்து முகத்தைத் திருப்பி மச்சாளிடம், "அப்ப ஊசியைப் போடச் சொல்லு" என்றார்.